குழந்தைகளிடம் கேட்பதா, குழந்தைகளையே கேட்க விடுவதா?

குழந்தைகளைப் பற்றிய ஆய்வு என்றால் பெரும்பாலும் கேள்வித்தாளைத்தான் எடுக்கிறோம். வேலை சீக்கிரம் முடியும், ஆயிரம் பேரிடம்கூடக் கேட்டுவிடலாம். எத்தனை பிள்ளைகள் நடந்து பள்ளிக்கு வருகிறார்கள் என்பது போன்ற கணக்குக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் வகுப்பறையில் பெரியவர் ஒருவர் தாளை நீட்டினால் பிள்ளைகளுக்கு அது பரீட்சைதான். மனத்தில் பட்டதை விட்டுவிட்டுச் சரியான விடையைத் தேடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வயதில் அதுவும் இல்லை.

மூன்று, நான்கு வயதுக்கு என் ஓட்டு மொசைக் முறைக்கு. லண்டனில் ஆலிசன் கிளார்க்கும் பீட்டர் மாஸும் உருவாக்கி 2001-இல் நூலாக வெளியிட்டது. குழந்தை கையில் கேமரா கொடுப்பார்கள். அதுவே முன்னால் நடந்து தன் மழலையர் பள்ளியைச் சுற்றிக் காட்டும். எடுத்த படங்களை ஒட்டி வரைபடம் செய்யும். ஒரு சிறுவன் தன் குகைக்குப் போவது பிடிக்கும் என்றான். அங்கே குகை ஏது? கடைசியில் பார்த்தால், புல்வெளியில் வளைவாகக் கிடந்த ஒரு பெஞ்சு! பேட்டி மட்டும் எடுத்திருந்தால் கற்பனை என்று தள்ளியிருப்பார்கள். ஒரு குறை உண்டு: கேள்வி ஆய்வாளருடையதுதான். குழந்தையோடு உட்கார்ந்து பேசாமல் படங்களை மட்டும் அள்ளிக்கொண்டு போனால் பொருள் சொல்வதும் அவரே.

மூன்றாவது வழியில் பிள்ளைகளே ஆய்வாளர்கள். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மேரி கெல்லெட் இதற்கென்றே ஒரு மையம் நடத்தினார். ஆய்வு முறைகளைக் கற்றுக்கொடுத்துவிட்டு, தலைப்பை அவர்களிடமே விட்டுவிடுவார்கள். பெற்றோரின் வேலை தங்கள் வயதுப் பிள்ளைகளை எப்படிப் பாதிக்கிறது என்று இரண்டு சிறுமிகள் ஆராய்ந்தார்கள். பெரியவர்களுக்குத் தோன்றுமா இந்தக் கேள்வி? சக வயதுக்காரரிடம் வீட்டு விஷயம் தானாக வரும். சிக்கலும் அதில்தான்: பக்கத்துப் பெஞ்சில் சொன்னது சாயங்காலத்துக்குள் தெருவுக்குப் போய்விடலாம். அப்புறம், பயிற்சிக்குப் பொறுக்குகிறபோது சரளமாகப் பேசுகிற, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளையே பொறுக்குவோம்.

அதற்காக மூன்றாவதுதான் உயர்ந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு வேலையில் பிள்ளைகளுக்கு எவ்வளவு பங்கு என்பதைப் படிப்படியாகக் காட்ட ரோஜர் ஹார்ட் 1992-இல் யுனிசெஃபுக்காக விளக்கிய பங்கேற்பு ஏணிக்கு எட்டுப் படி. உச்சிக்கே ஏற வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை. கீழ் மூன்றைத்தான் தவிர்க்கச் சொன்னார். எழுதிக்கொடுத்ததை மேடையில் வாசிக்க வைப்பது அந்த ரகம்.

பத்து வயதுக்கு மேல், கையில் ஒரு பருவம் முழுக்க நேரம் இருந்தால், பிள்ளைகளிடமே விடலாம். இரண்டு வாரம்தான் என்றால் கேமராவும் சுற்றி நடப்பதும் போதும். எதுவானாலும் பெற்றோரின் சம்மதக் கையெழுத்தோடு நிறுத்தக் கூடாது; பிள்ளையின் சம்மதமும் வேண்டும். நடுவில் பிள்ளை "போரடிக்குது" என்று எழுந்து போனால் விட்டுவிட வேண்டும்.