கனெக்டிங் ராடு எடை: மொத்தமாகப் பார்ப்பதா, முனை முனையாகப் பார்ப்பதா?

பழைய எஞ்சினைப் பிரித்துப் போட்டபின், பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடுகளை என்ன செய்வது என்பதற்கு நாலு வழி உண்டு. கழுவி அப்படியே மாட்டலாம். தராசில் வைத்து மொத்த எடையைச் சமப்படுத்தலாம். கிராங்க் பக்கமுள்ள பிக் எண்டையும் பிஸ்டன் பக்கமுள்ள ஸ்மால் எண்டையும் தனித்தனியே எடைபோட்டுச் சமப்படுத்தலாம். அல்லது கிராங்க் ஷாஃப்ட், ஃப்ளைவீலோடு சேர்த்து பேலன்சிங் மெஷின் உள்ள பட்டறைக்கு அனுப்பலாம். பலரும் கை வைப்பது இரண்டாவதில்தான். அரைகுறைப் பலன் தருவதும் அதுவே.

பிக் எண்ட் கிராங்கோடு சுற்றுகிறது. ஸ்மால் எண்ட் பிஸ்டனோடு மேலும் கீழும் போய் வருகிறது. 600 கிராம் எடையுள்ள இரண்டு ராடுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் பிக் எண்ட் 410, ஸ்மால் எண்ட் 190. மற்றதில் 400, 200. தராசு இரண்டையும் ஒன்று என்றுதான் சொல்லும். ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே நகரும் தூரம்) 80 மி.மீ. என்றால், நிமிடத்துக்கு 6000 சுற்றில் அந்த 10 கிராம் வித்தியாசம் சுமார் 158 நியூட்டன், அதாவது 16 கிலோ விசையாக இழுக்கும். 3000 சுற்றில் இது கால்வாசியாகி 4 கிலோவுக்கு இறங்கும். மொத்த எடை சமமாக இருப்பதால் சிலிண்டரின் நெடுக்குவாட்டில் இந்த விசை பெரும்பாலும் அடிபட்டுப் போகும். குறுக்குவாட்டில் அடிபடாது. மொத்த எடை மட்டும் பார்த்துக் கட்டிய எஞ்சின் ஐடிலில் பூனைபோல இருந்து, வேகம் ஏறியதும் நடுங்குவதற்கு இது ஒரு காரணம்.

எதையும் தொடாமல் மாட்டுவது எப்போது சரி? நாலு ராடும் கம்பெனியில் ஒன்றாக வந்த செட்டாக இருந்து, எஞ்சினும் குறைந்த சுற்றில் ஓடுவதானால் பயமில்லை. கேப் (பிக் எண்டின் கழற்றும் அடிப்பாதி) எண்ணும் ராடு எண்ணும் ஒத்துப்போகவில்லை, அல்லது ஒரு ராடில் மட்டும் வார்ப்பு எண் வேறு என்றால், முன்பே யாரோ கை வைத்திருக்கிறார்கள். அப்போது எடை பார்க்காமல் மாட்டக் கூடாது.

பட்டறை பேலன்சிங்கின் தேவை எஞ்சினின் அமைப்பைப் பொறுத்தது. நேர்வரிசை நாலு, ஆறு சிலிண்டர்களில் ராடுகள் ஒன்றுக்கொன்று சமமாக இருந்தால் போதும். கிராங்கைத் தனியாக பேலன்ஸ் செய்துகொள்ளலாம். 90 டிகிரி கிராஸ்-பிளேன் (கிராங்க் பின்கள் சிலுவை வடிவில் அமைந்த) வி8 அப்படியல்ல. சுற்றும் எடை முழுவதையும், போய்வரும் எடையில் வழக்கமாகப் பாதியையும் கணக்கிட்டு, அந்த எடையை, ராடு மாட்டும் கிராங்க் பின்னில் கட்டித்தான் மெஷினில் சுழற்றுவார்கள். அங்கே ராடின் எடையைக் குறைத்தால் கிராங்கையும் மறுபடி பேலன்ஸ் செய்தாக வேண்டும். பெரும்பாலான வி6 எஞ்சின்களும் இதே கணக்குதான். ஒற்றை சிலிண்டரில் ஜோடி சேர்க்க இன்னொரு ராடே இல்லை!

ஆகவே நேர்வரிசை எஞ்சினுக்கு மூன்றாவது வழி, அதாவது முனை முனையாகச் சமப்படுத்துவதுதான் செலவுக்கேற்ற பலன் தரும். 2 கிலோ தாங்கி 0.1 கிராம் காட்டும் தராசும், ராடைத் தொங்கவிட எளிமையான ஒரு தாங்கியும் போதும். ஒரு முனையைச் சிறு பால் பேரிங் வழியாகத் தொங்கவிட்டு, மறுமுனையைத் தராசில் நிறுத்துங்கள். ராடு மட்டமாகவும், தொங்கும் கம்பி செங்குத்தாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு முனையையும் மூன்று முறை எடை பாருங்கள். இரண்டு முனைகளின் கூட்டுத்தொகை மொத்த எடைக்குச் சரியாக வராவிட்டால் கோளாறு ராடில் இல்லை, தாங்கியில்தான். எடை போடும்போது போல்ட், நட் மாட்டியிருக்கட்டும். பேரிங் ஷெல் (பிக் எண்டுக்குள் உட்காரும் மெல்லிய தகடு) வேண்டாம்.

எடை மிகக் குறைந்த பிக் எண்டும் எடை மிகக் குறைந்த ஸ்மால் எண்டும் வெவ்வேறு ராடில் இருக்கலாம். அந்த இரண்டு எண்களே இலக்கு. முனைக்கு முனை 1 கிராமுக்குள் வந்தால் சாதாரண ஓட்டத்துக்குத் தாராளம். ஒரு ராடு மட்டும் 15 கிராம் குறைவாக இருந்தால் மற்ற மூன்றையும் அதற்காகத் தேய்க்காதீர்கள். அதை ஒதுக்கிவிட்டு வேறு ராடு தேடுவதே புத்திசாலித்தனம்.

உலோகம் எடுக்க வேண்டிய இடம் கேப்பின் அடியிலும் ஸ்மால் எண்டின் உச்சியிலும் உள்ள திண்டு. 10×12 மி.மீ. பரப்பில் 1 மி.மீ. தேய்த்தால் ஏறக்குறைய 1 கிராம் குறையும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கேப்பின் அடி, பிக் எண்ட் மையத்துக்கு வெளியே இருப்பதால், அங்கே எடுப்பது மறுமுனையின் எடையைக் கூட்டிக் காட்டும். மையத்துக்கு மையம் 140 மி.மீ., திண்டு மையத்திலிருந்து 35 மி.மீ. என்றால், 4 கிராம் எடுத்தால் பிக் எண்ட் 5 கிராம் குறையும், ஸ்மால் எண்ட் 1 கிராம் ஏறும். அதனால் பிக் எண்டை முதலில் முடித்து, பிறகு ஸ்மால் எண்டுக்குப் போய், கடைசியில் இரண்டையும் மறுபடி பாருங்கள். போல்ட் தலை உட்காரும் இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. விரிசல் கிளம்புவது பெரும்பாலும் அங்கிருந்துதான். தேய்த்த கோடுகள் ராடின் நீளவாக்கில் இருக்கட்டும்; 240, பிறகு 400 எமரித் தாளால் வழவழப்பாக்குங்கள். இரும்பு நீலம் பாயும் அளவுக்குச் சூடேற்றாதீர்கள்.

எந்த வழியானாலும் எடை வேலை கடைசியில்தான். விரிசல் சோதனை, வளைவு, முறுக்கு, ஸ்மால் எண்டுக்குப் புதிய புஷ், புதிய போல்ட், பிக் எண்ட் ரீசைஸிங் (துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது) எல்லாம் முன்னால் முடிய வேண்டும். ரீசைஸிங்கில் கேப்பின் முகத்தை ஒரு மி.மீ.யில் நூறில் சில பங்கு தேய்த்து, துளையை மறுபடி ஹோன் செய்வதால் (உரைகல்லால் கடைந்தெடுப்பதால்) எடை மாறிவிடும். கேப்புகளை மாற்றிப் போட்டால் துளையின் வட்டமே கெடும்.

கனமான பிஸ்டனுக்கு லேசான ஸ்மால் எண்டைச் சேர்த்துக் கணக்கை நேராக்கும் வழக்கமும் உண்டு. போய்வரும் எடைக்கு அது பொருந்தும். ஆனால் பின்னால் ஒரு பிஸ்டனை மாற்ற நேர்ந்தால் கணக்கு முழுக்கக் கலையும். பிஸ்டன்களைத் தங்களுக்குள் தனியே சமப்படுத்துவதே மேல். அங்கே உலோகம் எடுக்கும் இடம் பின் பாஸின் (பிஸ்டன் பின் நுழையும் தடித்த பகுதியின்) அடிப்பக்கம், ஸ்கர்ட் (பிஸ்டனின் பக்கச் சுவர்) அல்ல.