நேரலை வகுப்பா, பதிவு வகுப்பா?

2020 ஊரடங்கில், கடலூரில் வீட்டிலிருந்தபடி இதழியல் மாணவர்களுக்கு இரண்டு வழியிலும் பாடம் நடத்திப் பார்த்தேன்.

நேரலையின் பலம் குறுக்கே வரும் குரல்தான். மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்களால் நம் மாவட்டத்தில் தொற்று ஏறியபோது, டிவி செய்திகள் அவர்களைக் குற்றவாளிகள் போலவே காட்டின. அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் ஒரு மாணவி மைக்கைத் திறந்து, "சார், எங்க சித்தப்பாவும் அதுல ஒருத்தர்தான்" என்றாள். அதற்கு மேல் நான் என்ன விளக்க? பாடத்தை மூடிவைத்துவிட்டு, அன்றைய தலைப்புகளையே உட்கார்ந்து திருத்தி எழுதினோம். பதிவில் இது நடக்கவே நடக்காது.

சரி, சிக்னல்? ஜூமின் இலவச 40 நிமிடத்தில் பாதி "கேக்குதா சார்?" என்பதிலேயே போய்விடும். பதிவு என்றால் வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பிவிடலாம். வீட்டில் ஒரே போன் என்றாலும், அப்பா வேலை முடிந்து வந்ததும் வாங்கிக் கேட்பார்கள். கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா என்று தமிழக அரசு அறிவித்ததே 2021 ஜனவரியில்தான்.

கடைசியில் பாடத்துக்குப் பதிவு, செய்தி அலசலுக்கு நேரலை என்று பிரித்துக்கொண்டேன். கேமராவைப் போடச் சொல்லி மட்டும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.