பழைய டி480 லேப்டாப்: எட்டு மாசம் ஜெராக்ஸ் கடையில ஓட்டினதுக்கு அப்புறம்

மொதல்லயே சொல்லிடறேன், நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்ல. வேலூர் தோட்டப்பாளையத்துல சின்னதா ஒரு கடை, ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் அப்ளிகேஷன், கல்யாண பத்திரிகை டிசைன் எல்லாம் பண்றோம். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கற பெங்கால்காரங்க ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்க காலையில ஏழு மணிக்கே ஷட்டர் முன்னாடி நின்னுகினு இருப்பாங்க, சாயங்காலம் ஆனா அணைக்கட்டு ஒடுகத்தூர் பக்கத்துல இருந்து பத்திரிகை ப்ரூஃப் பார்க்க குடும்பத்தோட வருவாங்க. ஒரு நாளைக்கு பன்னெண்டு மணி நேரம் மெஷின் ஆன்லயே இருக்கும். அப்படிப்பட்ட எடத்துல ஒரு செகண்ட்ஹேண்ட் லெனோவோ திங்க்பேட் டி480 இன்னா பாடு பட்டுச்சு, நான் இன்னா பாடு பட்டேன், அதான் இந்த ரிவ்யூ. ஏசி ரூம்ல வெச்சு மூணு நாள் பார்த்துட்டு எழுதறது கெடையாது.

வாங்க வேண்டி வந்த கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கடையில இருந்தது ஐ3 நாலாவது ஜெனரேஷன் டெஸ்க்டாப், விண்டோஸ் 10. நல்லாத்தான் ஓடிகினு இருந்துச்சு. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடியுதுன்னு நோட்டீஸ் வர ஆரம்பிச்சுது, 11 போடலாம்னு பார்த்தா இன்டெல் ப்ராசஸர்ல எட்டாவது ஜெனரேஷனோ அதுக்கு மேலயோ இருக்கணும், டிபிஎம் 2.0-ன்ற செக்யூரிட்டி சிப் இருக்கணும், உன் மெஷின் லாயக்கில்லன்னு சொல்லிடுச்சு. எக்ஸ்ட்ரா ஒரு வருஷம், 2026 அக்டோபர் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வாங்கிக்கலாம்னு ஒரு வழி இருக்கறது எனக்கு அப்புறம்தான் தெரியும். தெரிஞ்சிருந்தாலும் வேற மெஷின் வாங்கியிருப்பேன்னு வைங்க, கவுன்டர்ல ஜனங்களோட ஆதார் நம்பர் அடிச்சுகினு இருக்கற மெஷின் அது, அதுல ரிஸ்க் எடுக்க முடியாது.

இன்னா வாங்கறதுன்னு தெரியாத்தனமா மூணு பேர் கிட்ட கேட்டுட்டேன். பெங்களூருல ஐடியில இருக்கற அக்கா பையன், பக்கத்து மொபைல் சர்வீஸ் கடை தம்பி, அடிக்கடி பிரிண்ட் எடுக்க வர்ற காலேஜ் பையன் ஒருத்தன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மூணு பேரும் ஒரே நேரத்துல கடையில மாட்டினாங்க. "மாமா, மேக் வாங்கு, பத்து வருஷத்துக்கு திரும்பி பார்க்க வேணாம்"ன்றான் அக்கா பையன். "அண்ணே, அந்த காசுக்கு கிராபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் லேப்டாப்பே வரும்"ன்றான் மொபைல் கடை தம்பி, நான் கேம் ஆடறவனாடா? காலேஜ் பையன் மெதுவா, "அண்ணா, காசே வேணாம், இருக்கற டெஸ்க்டாப்ல விண்டோஸை தூக்கிட்டு லினக்ஸ் போடுங்க, நான் வந்து போட்டு தரேன்". அவ்ளோதான், பத்திக்கிச்சு. எட்டு ஜிபி ரேம் மேக்ல பதினாறு ஜிபிக்கு சமம்னு அக்கா பையன் சொல்ல, மொபைல் கடை தம்பி சிரிக்க, ஒரு மணி நேரம் ஓடுச்சு. எட்டு பதினாறுக்கு சமம்ன்றது இவனா கெளப்பினது கெடையாதாம், 2023 நவம்பர்ல ஆப்பிள் ஆளு ஒருத்தரே பேட்டியில கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னாராம். அடுத்த வருஷம் அக்டோபர்ல அவங்களே எல்லா மேக்குக்கும் அடிப்படை பதினாறுன்னு மாத்திட்டாங்கன்னு காலேஜ் பையன் எடுத்து வுட்டான், அக்கா பையன் ஃபோன் வந்த மாதிரி வெளிய போயிட்டான்.

இதெல்லாம் நடக்கும்போது ஒரு அம்மா வருமான சான்றிதழுக்கு அப்ளிகேஷன் போட நின்னுகினு இருந்துச்சு. அந்த அம்மா கைரேகை மெஷின்ல விழல, மூணு தபா வெச்சும் விழல, வெரலை தொடைச்சு தொடைச்சு வைக்குது. அப்பதான் யோசிச்சேன், மேக்கா லினக்ஸான்னு இவ்ளோ கத்தறானுங்களே, இந்த ரேகை டப்பாவுக்கு டிரைவர் எதுல வேலை செய்யும்னு ஒருத்தனாவது கேட்டானா?

என் கடையில சிஸ்டத்தை முடிவு பண்றது ரெண்டே ரெண்டு. ஒண்ணு அந்த ரேகை டப்பா, இன்னொண்ணு பேஜ்மேக்கர், பத்திரிகை டிசைன் பண்ற சாஃப்ட்வேர். ஆமாங்க, 2001-ல வந்த பேஜ்மேக்கர் 7. அடோபியே அதை எப்பவோ கைகழுவிட்டு இன்டிசைனுக்கு போயாச்சு, ஆனா நம்ம ஊர்ல பத்திரிகை, நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் முக்கால்வாசி இன்னும் அதுலதான் பொறக்குது. அதுக்கு யூனிகோடு, அதாவது எல்லா மெஷின்லயும் தமிழ் தமிழாவே தெரியற எழுத்து முறை, தெரியாது. அரசாங்கம் யூனிகோடுதான்னு 2010-லயே ஆர்டர் போட்டாச்சு, நம்ம கிட்ட இருக்கற பதினஞ்சு வருஷ ஃபைல் எல்லாம் பாமினி, வானவில்னு பழைய ஃபான்ட்ல கெடக்கு. ஃபான்ட் இல்லாத மெஷின்ல தொறந்தீங்கன்னா பொண்ணு பேரு இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமா கொட்டிக்கெடக்கும். பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு அடிச்ச அதே டிசைன்ல சின்ன பொண்ணுக்கு வேணும்னு வர்றவர்கிட்ட, விண்டோஸ் பிடிக்கல சார், மாறிட்டேன்னு சொல்ல முடியுமா?

சரி லேப்டாப்புக்கு வரேன். கொஞ்சம் நீட்டிட்டேன், மன்னிச்சுக்கோங்க.

காட்பாடி ரோட்டுல ரீஃபர்பிஷ்டு லேப்டாப் விக்கற ஒரு கடை, பேரு வேணாம். இவங்களுக்கு கம்பெனிங்க மூணு நாலு வருஷம் ஓட்டிட்டு லாட்டா தள்றது வரும். நான் டி480 கேட்டேன், மொதல்ல எடுத்து வெச்சது டி470. "ரெண்டும் ஒண்ணுதான் சார், நம்பர்தான் வேற". ஒண்ணு கெடையாது. 470-ல இருக்கறது ஆறாவது, ஏழாவது ஜெனரேஷன், விண்டோஸ் 11 கேட்டுக்கு வெளியவே நிக்கணும். 2018-ல வந்த 480-ல எட்டாவது. அந்த எட்டாவதுலதான் இன்டெல் இந்த சன்ன லேப்டாப் ஐ5-க்கு ரெண்டு கோரை (ப்ராசஸருக்குள்ள வேலை செய்யற பகுதி) நாலு கோரா ஆக்குச்சு, பேஜ்மேக்கர் ஒரு பக்கம், பிரவுசர்ல பதினஞ்சு டேப் ஒரு பக்கம், ஸ்கேனர் ஒரு பக்கம்னு ஓட்டும்போது அந்த வித்தியாசம் நல்லாவே தெரியுது. இன்னொரு கூத்து, டி480-லயே ஏழாவது ஜெனரேஷன் போட்டு வந்த பீஸும் உண்டு. அதனால மேல இருக்கற ஸ்டிக்கரை நம்பாதீங்க, ஆன் பண்ணி உள்ள போய் ப்ராசஸர் பேரை கண்ணால பாருங்க. பயாஸுக்குள்ளயும், அதான் விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி இருக்கற அடிப்படை செட்டிங்குள்ள, ஒரு தபா போயிட்டு வாங்க, பழைய கம்பெனி சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டுட்டு மறந்திருந்தா இந்த மாடல்ல அதை எடுக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல.

எட்டு ஜிபி ரேம், 256 எஸ்எஸ்டி, பேரம் பேசி ரூ.18,500-க்கு முடிச்சேன். பேட்டரி அஞ்சு மணி நேரம் நிக்கும் சார்னு கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறை. ஒரு மணி அம்பது நிமிஷம் நின்னுச்சு.

இந்த மாடல்ல பேட்டரி ரெண்டு. உள்ள 24 வாட் அவர் கொள்ளளவுல ஒண்ணு, பின்னாடி கழட்டி மாட்டற மாதிரி இன்னொண்ணு. விண்டோஸ்ல கமாண்டு ப்ராம்ப்ட் தொறந்து பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம், கடையிலயே எடுத்து பாத்திருக்கணும், எடுக்கல, என் புத்திய சொல்லணும். வீட்டுக்கு வந்து எடுத்தா உள்ள இருக்கறது 24-க்கு 9, பின்னாடி இருக்கறது டூப்ளிகேட், வெச்ச எடத்துல லொடலொடன்னு ஆடுது. வேலூரை பத்தி ஒரு பழைய கிண்டல் இருக்கே, ஆறு இருக்கு தண்ணி இல்ல, கோட்டை இருக்கு ராஜா இல்ல, கோயில் இருக்கு சாமி இல்லன்னு, சாமி 1981-லயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு திரும்பி வந்துட்டாரு, அந்த காலி எடத்துல இனிமே என் பேட்டரிய சேர்த்துக்கலாம். திரும்ப எடுத்துகினு போனா "பேட்டரிக்கு வாரண்டி கெடையாது சார், பில்லு பின்னாடி பாருங்க". பார்த்தேன். எறும்பு சைஸ்ல இருந்துச்சு.

ஆனா கதை இங்கதான் திரும்புது. இதே வேற சன்ன லேப்டாப்பா இருந்தா அந்த 18,500 கோவிந்தா. இதுல பின்னாடி ரெண்டு லாக்கை தள்ளினா பேட்டரி கையோட வருது. 72 வாட் அவர் பெரிய பேட்டரி தேடி வாங்கி மாட்டினேன், அடியில புடைச்சுகினு இருக்கும், லேப்டாப் பின்பக்கம் தூக்கி வெச்ச மாதிரி நிக்கும், பார்க்க அசிங்கம், டைப் பண்றதுக்கு வாகா இருக்கு. இப்ப கரண்டு போனா, ஏப்ரல் மே மாசத்துல போகாம இருந்தாத்தான் ஆச்சரியம், நாலரை அஞ்சு மணி நேரம் தாராளமா ஓடுது. உள்ள இருக்கற பேட்டரி கொஞ்சம் தெம்பா இருந்தா ஆஃப் பண்ணாமலே பின்னாடி பேட்டரிய மாத்தலாம். கவுன்டர்ல ஆளை வெச்சுகினே மாத்தினேன் ஒரு தபா, அந்த பெங்கால்காரர் கை தட்டாத குறை.

ரேமும் அப்படித்தான். கீழ் கவர் ஸ்க்ரூ லூஸ் பண்ணா கவரோடவே நிக்கும், தொலையாது. பயாஸ்ல உள் பேட்டரிய ஆஃப் பண்ணிட்டு தொறக்கணும், இதை மட்டும் மறக்காதீங்க. ரெண்டு ரேம் ஸ்லாட்டு. அக்டோபர் ஆரம்பத்துலயே இன்னொரு எட்டு போட்டுட்டேன், நல்ல வேளை, அதுக்கப்புறம் ஏஐ டேட்டா சென்டருக்கே எல்லா சிப்பும் போவுதுன்னு ரேம் வெலை தங்கம் மாதிரி ஏறிடுச்சு. ரேமை போர்டோட சால்டர் பண்ணி விக்கறவங்களுக்கு வக்காலத்து வாங்கறவங்க இருக்காங்களே, சன்னமா இருக்கு, வேகமா இருக்குன்னு, சரிப்பா, உனக்கு வேகம் வேணும் நீ வாங்கிக்கோ, எனக்கு எட்டு பத்தலன்னா இன்னொரு எட்டு போடற வசதி வேணும், அவ்ளோதான் என் சண்டை.

கீபோர்டு. இதை பத்தி எல்லாரும் கவிதை மாதிரி எழுதறாங்க, நெஜமாவே நல்லா இருக்கு, ஒரு நாளைக்கு நாப்பது பக்கம் அடிக்கற டைப்பிங் அக்காவே ஒத்துக்கிச்சு. ஆனா மொத நாள் அது என்னை திட்டின திட்டு இருக்கே. கன்ட்ரோல் இருக்க வேண்டிய மூலையில ஃபங்ஷன் கீ இருக்கு. காப்பி பண்ண அமுக்கினா காப்பி ஆவல, பேஸ்ட் பண்ணா பழைய பத்திரிகை மாப்பிள்ளை பேரு வந்து வுழுது. ப்ரூஃப்ல பிடிச்சோம், இல்லன்னா கல்யாணமே மாறியிருக்கும். பயாஸ்ல ரெண்டையும் எடம் மாத்தற செட்டிங் இருக்கு, மாத்தினதுக்கு அப்புறம்தான் அக்கா சாந்தமாச்சு. நடுவுல இருக்கற அந்த செவப்பு மூக்கை, மவுஸுக்கு பதிலா தள்ற குமிழ் அது, இதுவரைக்கும் கடையில யாரும் தொடல. அந்த மூக்குக்கு ரசிகர் மன்றம் இருக்குன்னு கேள்விப்பட்டேன், இருக்கட்டும்.

ஸ்க்ரீன்தான் இந்த மாடலோட பெரிய குறை. இது இந்த ஒரு பீஸோட பிரச்சனை இல்ல, அப்ப கம்பெனிங்களுக்கு லாட்டா போன பேனலே 250 நிட்ஸ் வெளிச்சம்தான், கலரும் கம்மி. ரோட்டை பார்த்த கவுன்டர்ல மதியம் ஒரு மணிக்கு வெச்சா ஸ்க்ரீன்ல என் மூஞ்சிதான் தெரியுது. குங்கும கலர்ல பார்டர் கேட்டா இதுல செங்கல் கலரா தெரியும், பிரிண்ட் வந்தாதான் உண்மை தெரியும், அதனால பத்திரிகை கலர் பார்க்க பழைய மானிட்டரை இதுல சொருகிட்டேன். சில பீஸ்ல 1366-க்கு 768 பேனல் வரும், அதை மட்டும் எவ்ளோ கொறைச்சு குடுத்தாலும் வாங்காதீங்க. ஸ்பீக்கர் இருக்குன்னு சொல்லலாம். கேமரா பத்தி பேசவே வேணாம்.

வாங்கினா மொத வேலையா ஒண்ணு பண்ணுங்க, இந்த மாடல்ல தண்டர்போல்ட் ஃபர்ம்வேர், அதாவது சார்ஜர் சொருகற போர்ட்டை ஓட்டற உள் சாஃப்ட்வேர், பழசா இருந்தா யூஎஸ்பி சி போர்ட்டு நாளடைவுல சார்ஜ் ஏத்தறதையே நிறுத்திடும். லெனோவோ அதுக்கு எப்பவோ அப்டேட் விட்டாச்சு, செகண்ட்ஹேண்ட்ல வர்ற நெறைய பீஸ்ல யாரும் போட்டிருக்க மாட்டாங்க. எனக்கு அந்த காலேஜ் பையன்தான் போட்டு குடுத்தான்.

அந்த பையன் லினக்ஸ் ஆசையும் வீணாகல. பழைய டெஸ்க்டாப்ல மின்ட்னு ஒரு லினக்ஸ் போட்டு குடுத்தான். தமிழ் அடிக்கற தமிழ்99 கீபோர்டையும் அதுலயே சேர்த்துட்டான், ஜெராக்ஸுக்கும் வாட்ஸாப்ல வர்ற பிடிஎஃப் பிரிண்டுக்கும் அந்த மெஷின்தான் இப்ப, லேசர் பிரிண்டர் டிரைவர் சிடி எதுவும் கேக்காம தானா எடுத்துக்கிச்சு. எனக்கு லினக்ஸ் புதுசும் இல்ல, 2011-க்கு அப்புறம் அரசாங்கம் குடுத்த இலவச லேப்டாப்ல பாஸ் லினக்ஸும் சேர்ந்து வரும், அப்ப பசங்க நேரா கடைக்கு எடுத்துகினு வந்து "அண்ணா, இதை தூக்கிட்டு விண்டோஸ் மட்டும் வைங்க"ன்னு நிப்பாங்க. எத்தினி லேப்டாப்ல தூக்கியிருப்பேன்னு கணக்கே இல்ல. இதை அந்த பையன்கிட்ட சொன்னேன், ரெண்டு நாள் கடை பக்கம் வரல.

மார்க்கு போடணும்னா லேப்டாப்புக்கு பத்துக்கு எட்டு, ஸ்க்ரீனுக்கு ஒண்ணு, கேமராவுக்கு ஒண்ணு கொறைச்சு. வித்த கடைக்கு ரெண்டு, அதுவும் டீ வாங்கி குடுத்ததுக்கு. டி470-ய டி480 வெலைக்கு தள்றவங்க கிட்ட மாட்டாம பேட்டரி ரிப்போர்ட் கையில எடுத்துகினு பேரம் பேசினீங்கன்னா இதே காசுக்கு என்னை விட நல்ல பீஸே கெடைக்கும். உள் பேட்டரி எனக்கு இன்னும் அதே 9-லதான் நிக்குது, சர்வீஸ் பாய் கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், ஒரிஜினல் வந்தா ஃபோன் பண்றேன்னாரு, மூணு வாரமாச்சு.