விரலில் குத்துவதா, கையில் ஒட்டுவதா?

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம். அவர் பெரம்பூரில், நான் வேளச்சேரியில். பெரியப்பாவுக்கும் அதே 2-ஆம் வகைதான், வீடு அம்பத்தூர். அம்மா விரலில் குத்திப் பார்த்து, மீட்டரை அப்படியே படம் பிடித்து கிளினிக் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறார். பெரியப்பா, ராத்திரி பகலாகச் சர்க்கரையை அளந்துகொண்டே இருக்கும் சென்சாரை மேல்கையில் ஒட்டியிருக்கிறார். அளவு தானாகவே செயலி வழியாக ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். ஒரு வருஷமாக இரண்டையும் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

பலரும் முடிவெடுப்பது செலவை வைத்துத்தான். ஒவ்வொரு முறை குத்தும்போதும் மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் ஒன்று சுமார் 20 ரூபாய். சென்சார் 14 நாள்தான் வரும். ஒன்றுக்கே சில ஆயிரம். பென்ஷனில் மாதம் இரண்டு வாங்குவது பெரிய பாரம்.

ஆனால் சென்சார் காட்டியதை மீட்டர் காட்டியிருக்காது. பெரியப்பாவுக்கு வெறும் வயிற்றில் 118 இருக்கும், மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி மட்டும் 8.4 சதவீதம் என்று அதிகமாக இருந்தது. எங்கே ஏறுகிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. ‘சுகருக்கு நல்லது’ என்று தினமும் காலையில் ராகிக் கஞ்சி குடிப்பார். சென்சார் ஒட்டிய மூன்றாம் நாள் போனில் பார்த்தோம்: கஞ்சி குடித்த முக்கால் மணி நேரத்தில் கோடு 240-ஐத் தாண்டி, இரண்டு மணி நேரத்துக்குள் 160-க்கு இறங்கியிருந்தது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்துபவருக்கு அந்த ஏற்றம் கண்ணிலேயே படாது. அதே ராகியை முருங்கைக்கீரை போட்டு அடையாகச் சாப்பிட்டு, மொட்டை மாடியில் கால் மணி நேரம் நடந்த அன்று 180-ஐத் தொடவில்லை. அன்றோடு கஞ்சியை விட்டுவிட்டார்.

தொல்லையும் உண்டு. மே மாத வியர்வையில் ஒரு சென்சார் ஒன்பதாம் நாளே பிய்ந்து வந்தது. இன்னொரு நாள் ராத்திரி மூன்று மணிக்கு அலாரம், போனில் 58. பெரியம்மா கை நடுங்கச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துவிட்டார். விரலில் குத்தினால் 112! பெரியப்பா சென்சார் இருந்த கையின் மேலேயே ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். அழுந்தினால் இப்படிப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அது அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் இருக்கும் திசுநீரை. அதனால் ரத்தத்தில் நடப்பதைச் சில நிமிஷம் பின்தங்கித்தான் சொல்லும். சென்சார் இருக்கும் வீட்டிலும் மீட்டர் வேண்டும்.

அம்மா ஒரு நாள் மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தி, 268 என்று படத்தை அனுப்பிவிட்டார். பத்து நிமிஷத்தில் நர்ஸ் போன்: “அம்மா, கை கழுவிட்டுப் பாத்தீங்களா?” சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துப் பார்த்தால் 149.

பெரியப்பாவுக்கு அப்படி ஒரு போன் வந்ததே இல்லை. முட்டி வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்ட வாரம் மூன்று நாள் 300-க்கு மேலேயே நின்றது. அத்தனை அளவும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. அடுத்த அப்பாயின்ட்மென்டில்தான் டாக்டர் அந்த வரைபடத்தை முதல்முறையாகத் திறந்து பார்த்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை. காசு கட்டும் முன் கேளுங்கள்: அனுப்புவதை யார் பார்க்கிறார்கள், எத்தனை மணி நேரத்தில் கூப்பிடுவார்கள், ராத்திரியில் யாரிடம் பேசுவது?

இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவருக்கு, அதுவும் தனியாக இருப்பவருக்கு, சுகர் இறங்கிவிடும் பயம் உண்டு. அவர்களுக்குச் சென்சார் செலவு தகும். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு, மீட்டரே போதும் என்பேன். ஸ்மார்ட்போனே இல்லாதவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இருக்கிறது; வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை தருகிறார்கள். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. எல்லோராலும் சென்சார் வாங்க முடியாது.

பெரியப்பா இப்போது அம்மாவின் கிளினிக்குக்கே மாறிவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு சென்சார், மற்ற நாளில் மீட்டர். இந்த மாதம் அம்மாவுக்கும் ஒன்று ஒட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வலது கையில்தான் ஒட்ட வேண்டும். இடப்பக்கம் ஒருக்களித்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.