கடைவாய்ப் பல்லுக்கு அடைப்பா, கேப்பா?

சொத்தையாலோ உடைப்பாலோ பழுதான கடைவாய்ப் பல்லைக் காப்பாற்றப் பெரும்பாலும் இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. குழியைச் சுத்தம் செய்து அடைப்பது ஒன்று. பல்லைச் சுற்றிலும் செதுக்கிச் சிறிதாக்கி, அதன்மேல் நம் ஊரில் ‘கேப்’ என்று சொல்லப்படும் முழு உறையைப் பொருத்துவது மற்றொன்று. என் கீழ்க் கடைவாய்ப் பல்லில் பல ஆண்டுகளாக இருந்த வெள்ளி அடைப்பை ஒட்டி, நாக்குப் பக்கத்து முனை ஒன்று பெயர்ந்து விழுந்தபோது இந்தக் கேள்வி என் முன் வந்தது. முதலில் பார்த்த மருத்துவர் கேப் போட வேண்டும் என்றார். இரண்டாவதாகப் பார்த்தவர், பல் உயிரோடு இருக்கிறது, மற்ற முனைகளில் விரிசல் இல்லை, எனவே அடைத்தாலே போதும் என்றார். நான் அடைப்பைத் தேர்ந்தெடுத்தேன்; அதே நிலையில் வேறொரு பல் இருந்தாலும் அதையே தேர்ந்தெடுப்பேன். வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்த பல்லுக்கு இந்த முடிவு அப்படியே பொருந்தாது என்பதால், அதைப் பிறகு தனியாகச் சொல்கிறேன்.

வெளிப்படையான வேறுபாடுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அடைப்பு ஒரே அமர்வில் முடிந்துவிடும். கேப்புக்குச் செதுக்கி அளவெடுக்க ஒரு முறையும், லேபிலிருந்து வந்தபின் பொருத்த ஒரு முறையும் போக வேண்டும். நான் விசாரித்த தனியார் மருத்துவமனைகளில் ஜிர்கோனியா என்ற உறுதியான செராமிக்கால் ஆன கேப்பின் விலை பெரிய வெள்ளை அடைப்பைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்தது. நிறத்தில் இரண்டுமே இன்று பல்லோடு ஒத்துப்போகின்றன. எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசமான வெள்ளி அடைப்பை ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், மருத்துவர் அவசியமெனக் கருதும் சில நிலைகள் தவிர, நிறுத்திவிட்டது. இங்கும் அதன் பயன்பாடு குறைந்து வருகிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் அடைப்பு என்று நான் சொல்வது காம்போசிட் எனப்படும் வெள்ளை அடைப்பையே.

எவ்வளவு காலம் நிற்கும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. கேப் போட்டால் ஆயுளுக்கும் கவலையில்லை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. ஆய்வு முடிவுகள் அவ்வளவு பெரிய இடைவெளியைக் காட்டவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த நீக் ஓப்டமும் பிறரும் பல நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, கடைவாய்ப் பற்களின் காம்போசிட் அடைப்புகளில் முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 1.8 சதவீதமும், பத்தாண்டுக் கணக்கில் 2.4 சதவீதமும் பழுதாகின்றன. உலோகத்தின் மேல் செராமிக் பூசிய கேப்புகளைப் பற்றி 2015-இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று, ஐந்தாண்டு முடிவில் அவற்றில் ஏறத்தாழ 95 சதவீதம் நிலைத்திருப்பதாகக் கூறுகிறது; அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் பழுதாகிறது. இரண்டையும் நேரடியாக ஒப்பிடுவது முழுமையாகச் சரியாகாது. பெரும்பாலும் கேப் போடப்படுவது கூடுதலாகச் சிதைந்த பற்களுக்கே. ஆனாலும் ஓரளவு நல்ல நிலையில் உள்ள பல்லுக்கு, கால அளவு ஒன்றை மட்டும் வைத்துக் கேப்பைத் தேர்ந்தெடுக்க இந்த எண்கள் போதுமான காரணம் தரவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொரு கேள்வி: இது பழுதாகும் நாளில் என் பல்லில் என்ன மிஞ்சியிருக்கும்? அடைப்போ கேப்போ, வாய்க்குள் வைக்கும் எதுவும் என்றாவது பழுதாகும். நடுத்தர வயதில் இருக்கும் ஒருவர் இந்தப் பல்லை இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் பயன்படுத்த விரும்பினால், இன்று செய்யும் சிகிச்சையை மட்டும் எண்ணாமல் அதற்கு அடுத்ததையும், அதற்கும் அடுத்ததையும் சேர்த்தே எண்ண வேண்டும். கேப் பொருந்துவதற்காகப் பல்லின் மேற்பரப்பில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரையும், சுற்றிலும் ஒரு மில்லிமீட்டரோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ செதுக்குகிறார்கள். ஜிர்கோனியா மட்டுமே என்றால் இது சற்றுக் குறையும். கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் வெவ்வேறு செதுக்கு முறைகளில் இழக்கப்படும் பல்லின் எடையை அளந்த எடல்ஹாஃப், சோரன்சன் ஆகியோரின் 2002 ஆய்வில், முழு கேப்புக்காக ஈறுக்கு மேலுள்ள பல்லில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ போய்விடுவது தெரிந்தது. என் பல்லில் உடைந்தது ஒரு முனை மட்டுமே. அந்த ஒன்றுக்காக, பழுதற்ற மற்ற முனைகளின் எனாமலையும் நானே முன்வந்து இழக்க வேண்டியிருந்தது. எனாமல் திரும்ப வளராது. மேலும், உயிருள்ள பல்லை இப்படிச் சுற்றிலும் செதுக்கும்போது உள்ளிருக்கும் பற்கூழ் (நரம்பும் ரத்தக் குழாய்களும் உள்ள மென்பகுதி) பாதிக்கப்பட்டு, சில பற்களில் சில ஆண்டுகளுக்குப் பின் அது செத்துப்போகிறது. அப்போது அதே கேப்பின் நடுவில் துளையிட்டு வேர் சிகிச்சை செய்ய வேண்டி வரும்.

கேப் பழுதாகும் விதமும் கவனிக்கத்தக்கது. கேப்புக்குச் சொத்தை வராது. அதன் ஓரத்தில், ஈறை ஒட்டியுள்ள பல்லுக்கு வரும். உலோகமும் ஜிர்கோனியாவும் எக்ஸ்ரே கதிரைத் தடுப்பதால், உள்ளே நடப்பது படத்தில் எளிதில் தெரிவதில்லை. உயிரற்ற பல்லாக இருந்தால் வலியும் எச்சரிக்காது. என் அக்காவுக்கு அப்படித்தான் நடந்தது. ஒருநாள் சாப்பிடும்போது கேப் உள்ளிருந்த பல்லோடு சேர்ந்து கழன்று கையில் வந்துவிட்டது. எஞ்சியது ஈறு மட்டத்தில் பழுப்பாகிப்போன அடிக்கட்டை மட்டும். மறு கேப் பொருத்தப் பிடிமானம் இல்லாததால் பல்லை எடுக்க வேண்டியதாயிற்று.

அடைப்பு பழுதாகும்போது நிலைமை பெரும்பாலும் இவ்வளவு கடுமையாவதில்லை. ஓரத்தில் சிறு துண்டு பெயரும், நிறம் மாறும், நாக்குக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும். 1955-இல் மைக்கேல் புவோனோகோர், பாஸ்பாரிக் அமிலம் தடவிய எனாமலில் ரெசின் எனப்படும் பிளாஸ்டிக் வகைப் பொருள் உறுதியாக ஒட்டிக்கொள்வதைக் காட்டினார். அந்த வழியில் வளர்ந்த ஒட்டும் முறைகளால்தான் இன்று, அடைப்பு கழன்று விழாமல் இருப்பதற்காக நல்ல பல்லையும் வெட்டிக் குழியைப் பெரிதாக்க வேண்டிய கட்டாயம் நீங்கியிருக்கிறது. பழைய காம்போசிட்டின் மேல் புதியதை ஒட்டவைக்கவும் முடிகிறது. என் அடைப்பின் ஓரத்தில் பின்னர் ஒரு சிறு சில்லு பெயர்ந்தது. மருத்துவர் அந்த இடத்தை மட்டும் சொரசொரப்பாக்கி, அமிலம் தடவிக் கழுவி, ஒட்டுத் திரவம் பூசி, கொஞ்சம் காம்போசிட் வைத்து, நீல ஒளி காட்டி இறுக வைத்தார். பிறகு நிறத்தாளைக் கடிக்கச் சொல்லி, அழுத்தமாகப் பதிந்த புள்ளியை மட்டும் தேய்த்துவிட்டார். மரத்துப்போக ஊசிகூடத் தேவைப்படவில்லை. பல்லிலிருந்து புதிதாக எதையும் இழக்காமல் பழுது சரியானது. நாளை இந்த அடைப்பு முழுவதுமாகப் போனாலும், கேப் என்ற வழி எனக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. கேப் போட்டவர் அடைப்புக்குத் திரும்ப முடியாது.

அடைப்பின் குறைகளை மறைக்க விரும்பவில்லை. பெரிய வெள்ளை அடைப்பின் தரம் செய்பவரின் பொறுமையைப் பொறுத்தது. காம்போசிட் இறுகும்போது சற்றுச் சுருங்குவதால், வழக்கமான வகையை இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்க வேண்டும். எச்சில் பட்டால் ஒட்டு நிற்காது. எனவே ரப்பர் விரிப்பைப் பல்லைச் சுற்றிப் பொருத்திவிட்டு வேலை செய்கிறாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பக்கத்துப் பல்லோடு இறுக்கமாகத் தொடும்படி அடைப்பு அமையாவிட்டால், ஒவ்வொரு சாப்பாட்டிலும் இறைச்சி நாரும் கீரையும் சிக்கி ஈறு வீங்கும். சொத்தை ஈறுக்குக் கீழே இறங்கியிருந்தாலும், தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தாலும், அடிக்கடி புதுச் சொத்தை வரும் வாயாக இருந்தாலும் அடைப்பின் ஆயுள் குறையும். பல்லின் எத்தனை பக்கங்களை அடைப்பு உள்ளடக்குகிறதோ அந்த அளவுக்குப் பழுதாகும் வாய்ப்பும் கூடுகிறது என்பதை ஓப்டமின் தொகுப்பும் காட்டுகிறது. என் அடைப்புக்கு வயது இன்னும் குறைவு என்பதால், அது இருபதாண்டுகள் நிற்கும் என்று என்னால் உறுதி சொல்ல இயலாது.

வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லில் என் சாய்வு கேப்பின் பக்கம்தான். வேர் சிகிச்சையால் பல் காய்ந்து நொறுங்கும் என்று பலர் சொல்வதைக் கேட்கிறோம். 1989-இல் ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் ஆகியோர் பிடுங்கிய பற்களை அழுத்திப் பார்த்தபோது, வேர் சிகிச்சைக்காகத் துளையிடுவது மட்டும் பல்லின் விறைப்பை 5 சதவீதமே குறைத்தது. பக்கத்துப் பற்களைத் தொடும் இரு ஓரங்களிலும் வயல் வரப்புப் போல உயர்ந்திருக்கும் பகுதிகள் இரண்டையும் வெட்டியபோதோ, 63 சதவீதம் குறைந்தது. ஆகவே அந்த வரப்புகள் எஞ்சியிருக்கின்றனவா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. இரண்டும் போயிருந்தால், முனைகளை மூடிக் காக்கும் உறை தேவைப்படுகிறது. இல்லாவிட்டால் கடிக்கும்போது சுவர்கள் விலகி, பல் வேர்வரை பிளந்துவிடக்கூடும். வேர் சிகிச்சைக்குப் பின் கேப் போடாத பற்கள், போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டதாக அக்விலினோவும் கேப்லனும் 2002-இல் கண்டறிந்தனர். அது பழைய சிகிச்சைப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு என்பதால், நன்றாக இருந்த பற்களுக்கே கேப் போடப்பட்டிருக்கலாம் என்ற ஐயத்துக்கு இடமுண்டு. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை ஒன்றில், முன்கடைவாய்ப் பற்களுக்கு மூன்றாண்டுகள் வரை கேப்பும் அடைப்பும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்குப்பிடித்தன. பெரிய கடைவாய்ப் பல்லுக்கு அந்த முடிவை நீட்டிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கடித்துவிட்டு வாயைத் திறக்கும் கணத்தில் சுரீரென்று வலிக்கும் விரிசல் பல்லுக்கும் கேப்பையே பரிந்துரைப்பேன்.

இரண்டுக்கும் இடையில் ஆன்லே என்ற ஒன்றும் உண்டு. அது பலவீனமான முனைகளை மட்டும் மூடி, மற்ற சுவர்களைத் தொடாமல் விடும் பகுதி உறை; லேபில் செய்து ஒட்டுவார்கள். கேப்பைவிட மிகக் குறைவாகவே பல்லைச் செதுக்க வேண்டியிருப்பதால், முனைகள் இரண்டு, மூன்று போன பல்லுக்கு முதலில் இதைப் பற்றி விசாரிக்கலாம் என்று தோன்றுகிறது. எனக்கு இதில் நேரடி அனுபவம் இல்லை. நான் அணுகிய இடங்களில் எல்லோரும் இதைச் செய்வதாகவும் தெரியவில்லை.

கேப்தான் வழி என்று முடிவானால், பிடிமானத்துக்கு ஈறுக்கு மேலே சுற்றிலும் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு உறுதியான பல் எஞ்சியிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த அளவு இல்லாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த ஜிர்கோனியாவாக இருந்தாலும் அது பல்லோடு சேர்ந்து கழன்றுவிடும் அபாயம் அதிகம். எனவே பணம் கட்டுவதற்கு முன் அதைக் கண்ணாடியிலும் எக்ஸ்ரேயிலும் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.