சுகாதார நிலையமா, தனியார் கிளினிக்கா: குழந்தைக்கு ஊசி எங்கே?

மேலூர்ப் பக்கம் பிள்ளை பிறந்த வீட்டில் ஒன்றரை மாதத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும். “கவர்மெண்ட் ஊசியா? காய்ச்சல் அடிக்குமே” என்பார் அப்பத்தா.

செலவு: சுகாதார நிலையத்தில் இலவசம். தனியாரில் நிமோனியா தடுப்பூசி மட்டுமே ஒரு தவணைக்கு ஆயிரக்கணக்கில் ஆகும்.

காய்ச்சல்: அரசு போடும் பென்டாவேலன்ட் ஊசியில் (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி) கக்குவான் இருமல் கிருமி, கொல்லப்பட்ட நிலையில், முழுசாக இருக்கிறது. அதனால் ஓரிரு நாள் உடம்பு சுடும், தொடை லேசாக வீங்கும். தனியாரின் ‘வலியில்லா ஊசி’யில் கிருமியின் சில புரதங்கள் மட்டும், காய்ச்சல் குறைவு, ஆனால் கக்குவானுக்கு எதிரான பாதுகாப்பு சீக்கிரம் தேயும். சுடுவதை மட்டரகம் என்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம்.

நம்பிக்கை: 2017-ல் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பயந்தவர்கள் நிறையப் பேர். வதந்தியை விடுங்கள், குப்பியைப் பாருங்கள். அரசுக் குப்பியில் வட்டத்துக்குள் ஒரு குட்டிச் சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து சூட்டில் கெடவில்லை. “காட்டுங்கக்கா” என்று நர்சம்மாவிடம் கேட்கலாம், தப்பில்லை. தனியாரில் பல குப்பிகளில் இந்த அடையாளம் இருக்காது. டாக்டரின் ஃப்ரிட்ஜை நம்ப வேண்டியதுதான்.

நேரம்: சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் புதன்கிழமை. தனியாரில் சாயங்காலமும் உண்டு.

என்னைக் கேட்டால், அரசு அட்டவணையில் உள்ள ஊசிகளுக்குச் சுகாதார நிலையமே போதும். புதன்கிழமை லீவு கிடைக்காதவர்களுக்குத் தனியார் சரி. சின்னம்மை, பொன்னுக்குவீங்கி மாதிரி அட்டவணையில் இல்லாதவற்றுக்கும் அங்கேதான் போக வேண்டும். எங்கே போனாலும் அதே தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.