ஏப்ரல் ஈற்றா, ஆகஸ்ட் ஈற்றா: சினை ஆட்டுக்கு எது நல்லது?

தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி, மிட்லண்ட்ஸ் மேட்டில் எங்கள் குடும்பத்துக்கு டார்ப்பர் என்ற செம்மறி இனத்தில் 22 பெட்டைகள் இருக்கின்றன. டார்ப்பருக்குப் பருவக் கட்டுப்பாடு குறைவு. கிடாவை எப்போது விட்டாலும் ஓரளவு சினை பிடித்துவிடும். அதனால்தான் எங்களைப் போன்ற சிறு பண்ணைக்காரர்களிடம் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது: நவம்பரில் கிடா விட்டு ஏப்ரலில் ஈன வைப்பதா, மார்ச்சில் விட்டு ஆகஸ்டில் ஈன வைப்பதா? இரண்டையும் செய்து பார்த்துவிட்டோம்.

பலரும் குட்டி என்ன விலைக்குப் போகும் என்பதைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். நான் தாயின் கடைசி ஆறு வாரத்தைப் பார்க்கிறேன். சினைக்காலம் சுமார் 147 நாள். ஆனால் குட்டி பிறக்கும்போது இருக்கும் எடையில் 70 சதவீதம் போல அந்தக் கடைசி ஆறு வாரத்தில்தான் ஏறுகிறது. அந்த வாரங்கள் எந்த மாதத்தில் விழுகின்றன என்பதுதான் இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம்.

ஏப்ரல் ஈற்று என்றால் அவை பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை. மழை பெய்து புல் பச்சையாக இருக்கும். தீவனத்துக்குக் கை நீளவே வேண்டாம். கையில் காசு இல்லாத வருடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதே ஈரம்தான் ரத்தம் உறிஞ்சும் வயர்வோர்ம் புழுவையும் வளர்க்கிறது. ஈற்று நெருங்கும்போது தாயின் எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடும், வயிற்றில் புழு பெருகும். நாங்கள் அப்படி ஈன வைத்த வருடம், மார்ச் மாதத்தில் மூன்று ஆடுகளுக்குத் தாடைக்கடியில் நீர் கோத்துக்கொண்டது. கண் இமையைப் புரட்டினால் காகிதம் போல வெளுப்பு. இமை நிறத்தைப் பார்த்து மருந்து கொடுக்கும் ஃபமாச்சா அட்டை நம் தென்னாப்பிரிக்காவில் உருவானதுதான். 1 என்றால் நல்ல சிவப்பு, 5 என்றால் வெள்ளை. மற்ற ஆடுகளுக்கு 4 வந்தால் மருந்து கொடுப்போம். சினை ஆட்டுக்கு 3 வந்தாலே கொடுத்துவிடுகிறேன். இதை வாரம் தவறாமல் செய்ய வேண்டும். போதாததற்கு, கால் குளம்பு அழுகுவதும், கொசுவும் பூச்சியும் கொண்டுவரும் நோய்களும் இதே மாதங்களில்தான்.

ஆகஸ்ட் ஈற்றில் நிலைமை தலைகீழ். அந்த ஆறு வாரம் ஜூன் கடைசியில் தொடங்குகிறது. உறைபனிக் காலம், புழுத் தொல்லை அநேகமாக இல்லை. ஆனால் எங்கள் மேட்டுப் புல் புளிப்புப் புல். மே மாதம் தாண்டினால் அதில் சத்தே இருக்காது. இங்கேதான் இரட்டைக்குட்டி நோய் வருகிறது. வயிற்றில் இரண்டு குட்டி இடத்தை அடைத்துக்கொள்ள, இரைப்பையில் வைக்கோலுக்கு இடம் குறைகிறது. வெறும் வைக்கோலை எவ்வளவு போட்டாலும் தாய்க்குத் தேவையான சக்தி கிடைக்காது. உடம்பு தன் கொழுப்பையே கரைக்கத் தொடங்கும். ரொம்பக் கொழுத்த ஆட்டுக்கும் இது வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

முதல் ஆகஸ்ட் ஈற்றில் நான் எரக்ரோஸ்டிஸ் என்ற புல்லின் வைக்கோலை மட்டும் போட்டேன். ஒரு கிழட்டு ஆடு கூட்டத்தை விட்டு விலகி, சுவரைப் பார்த்து நின்றது. எங்களோடு ஆடு பார்க்கும் ஜூலு பெரியவரை நாங்கள் பாபா என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் முதலில் கவனித்து, "இது தின்னவே இல்லை" என்றார். மூச்சில் அழுகிய பழம் போல ஒரு தித்திப்பு வாடை. உடனே சக்தி தரும் புரோப்பிலீன் கிளைக்கால் திரவத்தை வாயில் ஊற்றினோம், ஆனால் ஒரு நாள் தாமதம். உள்ளே இரண்டு குட்டிகளோடு போய்விட்டது. இன்றும் அது மனதை அறுக்கிறது.

அப்புறம் முறையை மாற்றினோம். கடைசி ஆறு வாரம் ஆட்டுக்கு நாளுக்கு ஒரு கிலோ லூசர்ன் (ஊரில் குதிரைமசால் என்பார்கள்), கூடவே உடைத்த மீலி, அதாவது மக்காச்சோளம். மீலியை 150 கிராமில் தொடங்கி, இரண்டு வாரத்தில் மெதுவாக 400 கிராமுக்குக் கொண்டுபோய், காலை மாலை எனப் பிரித்துக் கொடுக்கிறோம். ஒரேயடியாகப் போட்டால் வயிறு புளித்து ஆடு சாய்ந்துவிடும். முதுகெலும்பைக் கையால் தடவிப் பார்த்து மெலிந்தவற்றைத் தனியாகப் பிரிக்கிறோம். அதன் பிறகு அந்த நோய் எங்கள் பட்டிக்கு வரவில்லை.

குளிர் இன்னொரு பாரம். ஆகஸ்ட் இரவில் ஈரக் குட்டி வெளியே கிடந்தால் விடியும் வரை தாங்காது. மாலையில் பட்டியில் அடைத்து, காய்ந்த வைக்கோல் பரப்பி, ஆறு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்ததா என்று பார்க்க வேண்டும். நரிக்கும் திருடனுக்கும் பயந்து எப்படியும் பட்டியில்தானே அடைக்கிறோம்.

தடுப்பூசியில் பெரிய வித்தியாசம் இல்லை. பல்பி கிட்னி (துள்ளுமாரி) ஊசியை ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு போட்டால், பாதுகாப்பு சீம்பால் வழியே குட்டிக்குப் போகும். கொசு பரப்பும் ரிஃப்ட் வேலி காய்ச்சலுக்கான உயிருள்ள தடுப்பூசியைச் சினை ஆட்டுக்குப் போடவே கூடாது, கருச் சிதையலாம்.

வீட்டு நாட்காட்டியும் கணக்கில் வருகிறது. பெரிய வெள்ளியன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலில் தீமிதி. வீடே விரதத்தில் இருக்கும் வாரத்தில்தான் ஏப்ரல் ஆடுகள் ஈனத் தொடங்கும். அந்தக் குட்டிகள் விற்கிற பருவத்துக்கு வரும்போது புரட்டாசி. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கறியே தொட மாட்டார்கள். ஆகஸ்ட் குட்டிகள் டிசம்பர் விடுமுறைக்குத் தயாராகிவிடும்.

முப்பது ஆட்டுக்குள் வைத்திருப்பவர்களுக்கு நான் ஆகஸ்டையே சொல்வேன். தீவனம் காசு கொடுத்தால் கிடைக்கும், அளந்து போடலாம். மழைக்காலப் புழுவை அப்படி அளக்க முடியாது. ஆனால் லூசர்ன் வாங்க வழியே இல்லை என்றால் ஏப்ரலுக்கே போங்கள். அரைப்பட்டினியில் ஜூலையைக் கடத்தலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நாங்கள் இந்த வருடமும் மார்ச் 15-ல் கிடாவை விடுகிறோம். குளிருக்கான லூசர்ன் கட்டுகளுக்கு இப்போதே முன்பணம் கொடுத்தாகிவிட்டது.